15 நாளில் டெக்சஸ் அரசியல்: குளிர்கால விடுமுறையில் வகுப்பில் சேரலாமா?

அக்டோபர் கடைசி வாரத்தில் தங்கை மகள் டெக்சஸிலிருந்து அழைத்தாள். அங்கே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "பெரியம்மா, கவர்ன்மென்ட் 2306 பாடத்தை டிசம்பர் லீவில் கம்யூனிட்டி கல்லூரியில் எடுத்து முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். மூன்றே வாரம். அம்மா வேண்டாம் என்கிறாள், அப்பா எடு என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

கம்யூனிட்டி கல்லூரி என்பது உள்ளூர்க்காரர்களுக்கான, கட்டணம் குறைந்த இரண்டாண்டுக் கல்லூரி. என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. திருமணமாகி, வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் கலிபோர்னியாவுக்கு வந்து, வேலை பார்க்க அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்த காலத்தில், கணக்கியல் படிப்புக்குத் தேவை என்று ஒரு குளிர்கால வகுப்பில் சேர்ந்தவள் நான். ஐந்து வாரத்தில் புள்ளியியல். அந்த ஐந்து வாரம் எங்கள் வீட்டில் இன்றும் பேச்சில் அடிபடும். அதனால் குடும்பத்தில் யாருக்கு இந்தக் கேள்வி வந்தாலும் என்னிடம்தான் வந்து சேரும்.

உடனே பதில் சொல்லவில்லை. "இரண்டு நாள் கொடு" என்றேன். அந்த இரண்டு நாளில் காகிதத்தில் கிறுக்கியதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாடத்தைப் பற்றி. டெக்சஸில் எந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் வாங்கினாலும், பொறியியல் ஆனாலும் நடனம் ஆனாலும், 42 கிரெடிட் பொதுப் பாடங்களைப் படித்தாக வேண்டும் (கிரெடிட் என்பது பாடத்தின் அளவு, ஒரு பாடம் பெரும்பாலும் மூன்று கிரெடிட்). அதில் அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6. அரசியலில் 2305 நாட்டு அரசைப் பற்றியது, 2306 டெக்சஸ் மாநில அரசைப் பற்றியது. மாநிலம் முழுக்க ஒரே எண் என்பதால் கம்யூனிட்டி கல்லூரியில் படித்தாலும் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும். நம் பிள்ளைகள் பலர் உயர்நிலைப் பள்ளியிலேயே, கல்லூரிக் கிரெடிட் தரும் ஏபி தேர்வு எழுதி 2305-ஐக் கழித்துவிடுகிறார்கள். ஏபி தேர்வில் டெக்சஸ் கிடையாது. அதனால் 2306 மட்டும் தொங்கிக்கொண்டே இருக்கும். குளிர்கால வகுப்புகளில் இந்தப் பாடத்துக்குக் கிராக்கி அதிகம் என்பதில் வியப்பில்லை. ஒரு வேடிக்கையும் உண்டு. டெக்சஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான், அதுவும் 140 நாளுக்கு மேல் போகக்கூடாது. 1876-ஆம் ஆண்டு எழுதிய அரசியல் சட்டத்தில் இதுவரை 500-க்கும் மேற்பட்ட திருத்தங்கள். இதையெல்லாம் இவள் 15 வேலை நாளில் படிக்கப் போகிறாளாம்.

அவள் முன்னால் இருந்த வழிகள் மூன்று. டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி தொடக்கம் வரை ஓடும் மூன்று வார ஆன்லைன் வகுப்பு ஒன்று. ஜனவரியில் தொடங்கும் வசந்த செமஸ்டரில் ஐந்து பாடங்களோடு ஆறாவதாக இதையும் தன் பல்கலைக்கழகத்திலேயே எடுப்பது இன்னொன்று. கோடையில் எடுப்பது மூன்றாவது. இதற்கிடையே தங்கை டிசம்பர் 18-க்குக் கும்பகோணம் போக நான்கு டிக்கெட் எடுத்துவிட்டாள் என்பது பேச்சின் பாதியில்தான் வெளியே வந்தது. பாட்டி வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் படித்துவிடலாம் என்பது பெண்ணின் கணக்கு.

மணிக்கணக்கு

இதில் எல்லோரும் டாலரை எண்ணுகிறார்கள். நான் மணியை எண்ணச் சொல்வேன். மூன்று கிரெடிட் பாடம் என்றால் வகுப்பு நேரம் ஏறக்குறைய 48 மணி. வகுப்பில் ஒரு மணிக்கு வெளியே இரண்டு மணி படிக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அது 96. ஆக 144 மணி நேரம். பாடத்தை எத்தனை வாரத்தில் நடத்தினாலும் இந்த 144 குறையாது. 16 வார செமஸ்டரில் இது வாரத்துக்கு 9 மணி. பத்து வாரக் கோடை வகுப்பில் 14 அல்லது 15. ஐந்து வாரக் கோடை வகுப்பில் 29. மூன்று வாரக் குளிர்கால வகுப்பில் 48.

வாரத்துக்கு 48 மணி என்பது முழுநேர வேலையைவிட ஒரு நாள் அதிகம். விடுமுறை என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. பொதுவாக இந்த மூன்று வாரத்தில் ஒரு பாடத்துக்கு மேல் எடுக்கவும் விடமாட்டார்கள். புத்திசாலிப் பிள்ளைகள் 144 மணி செலவழிக்க மாட்டார்கள், தெரியும். பாதியில் முடித்துவிடுவார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நாளுக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் ஆகும், கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் சேர்த்து.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் வகுப்பு ஜனவரியில் திங்கள் முதல் வியாழன் வரை, காலை எட்டு மணிக்கு. மொத்தம் 20 நாள், ஒவ்வொரு நாளும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். முதல் தேர்வு பொங்கல் அன்று. சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம் எல்லாம் பள்ளியில் தமிழில் படித்தவை. பிறகு திருச்சியில் பி.காம். படித்தபோது ஆங்கிலத்திலும் படித்தாயிற்று. முதல் இரண்டு வாரம் வகுப்பிலேயே நான்தான் ராணி. பக்கத்தில் உட்கார்ந்த பையனுக்குச் சொல்லிக்கூடக் கொடுத்தேன். மூன்றாம் வாரம் கருதுகோள் சோதனை தொடங்கியது. அது எனக்குப் புதிது. தொடங்கிய அன்றே எனக்குக் காய்ச்சல். ஒரே ஒரு நாள் போகவில்லை.

சாதாரண செமஸ்டரில் ஒரு நாள் விட்டால் யாரிடமாவது குறிப்பை வாங்கி வார இறுதியில் சரிசெய்துகொள்ளலாம். 20 நாள் வகுப்பில் ஒரு நாள் என்பது இருபதில் ஒரு பங்கு, செமஸ்டர் கணக்கில் முக்கால் வாரத்துக்கு மேல். மறுநாள் போனபோது ஆசிரியர் அடுத்த இயலில் இருந்தார். அன்றைய சிறு தேர்வைத் தவறவிட்டதற்கு மறுதேர்வு கிடையாது என்று பாடத்திட்டத்தில் முதல் நாளே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவள் நானே. கடைசியில் 'பி' கிடைத்தது. அதில் வருத்தமில்லை. ஆனால் இரண்டு ஆண்டு கழித்துத் தணிக்கைப் பாடத்தில் மாதிரி எடுத்தல் வந்தபோது, அந்தக் கருதுகோள் பகுதியைப் புதிதாக உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. தெரிந்தது மனதில் நின்றது, அவசரத்தில் கற்றது பிப்ரவரியிலேயே போய்விட்டது.

அன்றிலிருந்து குறுகிய காலப் பாடம் என்று யார் கேட்டாலும், அதில் பாதியாவது உனக்கு முன்பே தெரியுமா என்றுதான் கேட்கிறேன். மாநில அரசியல், சமூகவியல் அறிமுகம், கலை ரசனை போன்றவை வாசித்து எழுதும் பாடங்கள். வேகமாக வாசிப்பவர் தப்பித்துவிடுவார். இரண்டாம் கட்ட நுண்கணிதமும் கரிம வேதியியலும் வேறு வகை. நேற்றுப் புரியாதது தூங்கி எழுந்தபின் புரியும் பாடங்கள் அவை, தூங்கி எழ நாள் வேண்டும். கட்டுரை எழுதும் பாடத்தையும் நான் இந்தப் பட்டியலில்தான் வைப்பேன். ஆசிரியர் திருத்தித் தந்து, அதைப் பார்த்து நாம் திரும்ப எழுதி, அவர் மறுபடி பார்ப்பது அதன் உயிர். மூன்று வாரத்தில் அந்தப் போக்குவரத்து எத்தனை முறை நடக்கும்?

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மேற்கு டெக்சஸில் உள்ள ஒடெஸா கல்லூரி 2014-இல் தன் பாடங்களில் பெரும்பாலானவற்றை 16 வாரத்திலிருந்து 8 வாரத்துக்கு மாற்றியது. பாடத்தைப் பாதியில் விடுபவர்கள் குறைந்தார்கள், தேறுபவர்கள் கூடினார்கள். அதைப் பார்த்து டெக்சஸின் வேறு பல கல்லூரிகளும் அந்த வழிக்குப் போயின. குறுகிய காலம் என்றாலே மட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே நடந்தது என்ன என்று பாருங்கள். செமஸ்டரில் நான்கு பாடம் எடுப்பவர் எட்டு வாரத்தில் இரண்டு, அடுத்த எட்டு வாரத்தில் இரண்டு என்று பிரித்துப் படிக்கிறார். ஒரே நேரத்தில் கையில் இருக்கும் பாடங்கள் குறைகின்றன. நம் வீட்டுப் பெண் கேட்பதோ ஓய்வெடுக்க வேண்டிய காலத்தில் கூடுதலாக ஒரு பாடம்.

பணம் மிச்சமா?

மிச்சம்தான், ஆனால் நினைக்கிற அளவுக்கு எப்போதும் இல்லை. கலிபோர்னியாவில் மாநிலவாசிகளுக்குக் கம்யூனிட்டி கல்லூரிக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு (கிரெடிட்டுக்கு இங்கே அந்தப் பெயர்) 46 டாலர். 2012 முதல் அதே விலை. மூன்று யூனிட் பாடம் 138 டாலரும் சில்லறைக் கட்டணங்களும். இன்றைக்கு 138 டாலருக்கு நான்கு பேர் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் மீதி வராது. இந்த விலையைப் பார்த்து மயங்காதவர் இருக்க முடியாது. மாநிலவாசி இல்லாதவர்களுக்கு இது பல மடங்கு ஆகும். எஃப்-1 விசாவில் வந்த மாணவர்கள் கலிபோர்னியாவில் எத்தனை ஆண்டு இருந்தாலும் மாநிலவாசிக் கட்டணத்துக்குள் வர முடியாது. எச்-4 விசாவில் இருப்பவர்கள் வரலாம். இது தெரியாமல் முதல் முறை விண்ணப்பத்தில் தவறான கட்டத்தைக் குறித்துவிட்டு, வெளிமாநிலக் கட்டணச் சீட்டைப் பார்த்து நான் அழுத கதை தனி.

டெக்சஸில் விலை நாம் எந்தக் கல்லூரி மாவட்டத்தில் குடியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சொத்து வரியில் ஒரு பங்கு கம்யூனிட்டி கல்லூரிக்குப் போவதால், வரி கட்டும் மாவட்டத்துக்காரருக்கு ஒரு விலை, பக்கத்து மாவட்டத்துக்காரருக்கு அதைவிட அதிகம். ரிச்சர்ட்சன் என்ற ஒரே ஊர் டாலஸ் கவுன்ட்டியிலும் காலின் கவுன்ட்டியிலும் கால் வைத்துக்கொண்டிருக்கிறது, இரண்டுக்கும் கல்லூரி மாவட்டம் வேறு வேறு. அடுத்த தெருத் தோழி கட்டியதைத்தான் நாமும் கட்டுவோம் என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னொன்றைப் பலர் பார்ப்பதே இல்லை. சில பல்கலைக்கழகங்களில் முழுநேர மாணவருக்கு ஒட்டுமொத்தக் கட்டணம். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்கு மேல் எத்தனை எடுத்தாலும் கட்டணம் ஏறாது. அங்கே படிக்கும் பிள்ளைக்கு ஆறாவது பாடம் இலவசம் போலத்தான். வெளியே போய்க் கட்டும் பணமே கூடுதல் செலவு. சிக்கனம் என்று நினைத்துச் செய்யும் செலவு நம் வீடுகளில் புதிதல்லவே.

ஆனால் அந்த ஆறாவது பாடத்துக்கு டெக்சஸில் வேறு விலை உண்டு. 2007 இலையுதிர்காலத்திலிருந்து சேர்ந்தவர்கள் அரசுக் கல்லூரிகளில் தங்கள் இளநிலைப் படிப்பு முழுவதிலும் ஆறு பாடங்களுக்கு மேல் பாதியில் கைவிட முடியாது என்று சட்டம். எடுத்துப் பார்ப்போம், கனமாக இருந்தால் விட்டுவிடுவோம் என்று ஆறு பாடம் எடுத்து ஒன்றை விட்டால், சட்டம் தரும் ஆறு வாய்ப்பில் ஒன்று கழிந்துவிடும். இரண்டாம் ஆண்டிலேயே அதைச் செலவழிப்பது, மூன்றாம் ஆண்டில் உண்மையிலேயே கடினமான பாடம் வரும்போது உறுத்தும். தங்கை மகளின் வசந்த செமஸ்டரில் தரவுக் கட்டமைப்பும் இயற்பியல் ஆய்வகமும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆறாவது பாடம் என்ற வழியை நான் முதலிலேயே அடித்துவிட்டேன்.

தேர்வு எழுதிக் கிரெடிட் வாங்கும் வழியும் பொதுவாக உண்டு. காலேஜ் போர்டு நடத்தும் கிளெப் தேர்வுக்கு ஏறக்குறைய 100 டாலர். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அமைப்பு அதற்கான பாடங்களை ஆன்லைனில் இலவசமாகத் தந்து, முடித்தவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்தையும் ஏற்கிறது. ஆனால் கிளெப்பின் அரசியல் தேர்வும் நாட்டு அரசைப் பற்றியதுதான். இவளுக்கு அது பயன்படாது. உங்கள் பிள்ளைக்கு உளவியலோ சமூகவியலோ பாக்கி என்றால், தன் கல்லூரி கிளெப்பை ஏற்குமா என்று கேட்டுவிட்டு, டிசம்பரில் அந்த வழியில் போவது மூன்று வார வகுப்பைவிட நிம்மதி. கெடு கிடையாது, தோற்றால் மதிப்பெண் பட்டியலில் கறையும் கிடையாது.

கறை என்றதும் ஒன்று. வெளியே எடுத்த பாடத்தின் கிரெடிட்டை மட்டும் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கும், மதிப்பெண்ணைத் தங்கள் சராசரியில் சேர்ப்பதில்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அப்படித்தான். சராசரியை உயர்த்த எண்ணுபவருக்கு இதனால் பயனில்லை, சராசரி விழுமோ என்று பயப்படுபவருக்கு இது குடை. மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்க இருப்பவர்களுக்கு மட்டும் அந்தக் குடையும் இல்லை. அவர்கள் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் எடுத்திருந்தாலும் விண்ணப்பத்தில் எல்லா மதிப்பெண்ணும் எண்ணப்படும்.

கலிபோர்னியப் பெற்றோருக்கு மட்டும்

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஆண்டுதோறும் யாராவது ஏமாறுகிறார்கள். டெக்சஸில் இந்த வகுப்பு டிசம்பர் விடுமுறைக்குள் அடங்கும். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் ஜனவரியில் மூன்று வாரம் போல் நடந்து, வசந்த செமஸ்டருக்கு முன் முடிந்துவிடும். தென் கலிபோர்னியாவில் கதை வேறு. பாசடீனா சிட்டி கல்லூரி, சான்டா மோனிகா கல்லூரி, மவுன்ட் சான் அன்டோனியோ கல்லூரி போன்றவற்றில் குளிர்கால வகுப்பு ஜனவரி தொடக்கத்தில் ஆரம்பித்துப் பிப்ரவரி நடு வரை ஓடுகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழக வளாகங்களில் பெரும்பாலானவற்றில் குளிர்காலக் காலாண்டு ஜனவரி முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும். செமஸ்டர் முறையில் இயங்கும் பெர்க்கிலியிலும் ஜனவரி மூன்றாம் வாரம் வகுப்பு உண்டு. அதாவது விடுமுறைக்கு வீடு வந்த பிள்ளை எடுக்கும்படியாக அந்த வகுப்பு அமையவே இல்லை. அது கம்யூனிட்டி கல்லூரியிலேயே முழுநேரம் படிப்பவர்களுக்கு, அவர்களின் இரண்டு செமஸ்டருக்கு நடுவில் வைத்தது. சான் ஹொசே பக்கம் டி ஆன்சா, ஃபுட்ஹில் கல்லூரிகளில் 'வின்டர்' என்று இருப்பது முழுக் காலாண்டு. பெயரைப் பார்த்துக் குறுகிய கால வகுப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோரும் இதைத்தான் பார்க்க வேண்டும். பள்ளி ஜனவரி முதல் அல்லது இரண்டாம் வாரம் திறந்துவிடும். அதன்பின் பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வாரத்துக்கு 24 முதல் 29 மணி நேரக் கல்லூரிப் பாடம் ஒரு பக்கம். கல்லூரியில் ஒரு செமஸ்டர் பாடம் பள்ளியில் ஓராண்டுப் பாடத்துக்குச் சமம் என்பது கண்ணை இழுக்கும், எனக்குத் தெரியும். அதோடு இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: கல்லூரியில் சேர்ந்துவிட்டால், பிள்ளைக்கு 16 வயதே ஆனாலும், அதன் பதிவுகள் கூட்டாட்சிச் சட்டப்படி பிள்ளைக்கே உரியவை. மதிப்பெண்ணைக் கேட்டு நீங்கள் ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினால், பணிவான மறுப்புதான் வரும். இந்த மறுப்பைக் காட்டி என்னிடம் பொருமிய அப்பாக்கள் இரண்டு பேர்.

விலகும் கெடுவும் வகுப்போடு சேர்ந்து சுருங்கும். கலிபோர்னியாவில் குறுகிய கால வகுப்பில் பணம் திரும்ப வர வேண்டுமென்றால் வகுப்புக் காலத்தில் பத்தில் ஒரு பங்கு முடிவதற்குள் விலக வேண்டும். என் 20 நாள் வகுப்பில் அது இரண்டாம் நாள். பட்டியலில் விலகியதாகக் குறி விழாமல் இருக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய நான்காம் நாள். டெக்சஸின் மூன்று வார வகுப்பிலும் ஓரிரு நாளில் தீர்மானித்துவிட வேண்டும். போகப்போகப் பழகிவிடும் என்று காத்திருக்க இடமில்லை. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கும் என்பதால், கடவுச்சொல் சிக்கினால்கூடக் கேட்க ஆளிருக்காது.

கும்பகோணத்திலிருந்து ஆன்லைன்

இனி அவளுடைய திட்டம். காகிதத்தில் அது நன்றாகத்தான் இருந்தது. டெக்சஸில் இரவு 11.59 கெடு என்றால் கும்பகோணத்தில் மறுநாள் காலை 11.29. எழுந்து, குளித்து, இட்லி சாப்பிட்டு, நிதானமாக அனுப்பலாம். நேர வித்தியாசம் இவளுக்குச் சாதகம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் தேர்வில் இருக்கிறது. ஆன்லைன் தேர்வுகளில் கேமராவை இயக்கிவைத்து, அறையை ஒரு சுற்றுக் காட்டி, தனியாக இருக்கிறேன் என்று நிரூபித்தபின் எழுதச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. எங்கள் அம்மா வீட்டில் தனியாக இருக்க முடிந்த அறை ஒன்றுகூடக் கிடையாது. கதவைச் சாத்தினால் உடம்பு சரியில்லையா என்று கேட்டுத் தட்டுவார்கள். தோழி ஒருவரின் மகன் இப்படித்தான் காரைக்குடியில் உட்கார்ந்து தேர்வு எழுதினான். நடுவில் பாட்டி காபியோடு வந்து, என்ன கண்ணு எழுதுகிறாய் என்று திரையை எட்டிப் பார்த்திருக்கிறார். மென்பொருள் அதைக் குறித்துக்கொண்டது. பாட்டி யார், காபி எதற்கு என்று ஆசிரியருக்கு விளக்கம் எழுதிய பிறகுதான் மதிப்பெண் வந்தது. ஆசிரியர் நல்லவர், சிரித்துவிட்டு விட்டார். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

அதோடு, மூன்று வாரப் பயணத்தில் இரண்டு நாள் விமானத்திலேயே போய்விடும். மூன்று வார வகுப்பில் அது ஏறக்குறைய 14 மணி நேரப் படிப்பு. போய் இறங்கிய முதல் மூன்று நாள் தூக்கம் தடுமாறும். எல்லாவற்றுக்கும் மேலே, பாட்டிக்கு இந்த வயதில் பேத்தி வருவது எத்தனை முறை? இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

இந்தியாவிலிருந்து நேராக முதுநிலை படிக்க வந்த எஃப்-1 மாணவர்களுக்கும் இது பொருந்தும் என்பதால் ஒரு வரி. முந்தைய பட்டத்தில் இல்லாத புள்ளியியலோ கணக்கியலோ படித்துவிட்டு வா என்று துறை சொன்னால், கம்யூனிட்டி கல்லூரி நல்ல வழி. செமஸ்டர் இடைவெளியில் படிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, படிக்கத் தடையும் இல்லை. எதற்கும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை எழுத்தில் கேட்டு வைத்துக்கொண்டு சேருங்கள்.

சொன்ன பதில்

இரண்டு நாள் கழித்து நானே அழைத்தேன். "2306-ஐ ஜனவரியில் முடித்துவிட்டால், பிப்ரவரியில் உனக்கு எது திறக்கும்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஒன்றும் இல்லை. ஒரு பாடம் குறையும், அவ்வளவுதான்."

அந்தப் பாடத்தைக் காட்டித்தான் அடுத்த பாடத்தில் சேர முடியும் என்றால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். அப்போதும் மதிப்பெண் பட்டியல் வசந்த செமஸ்டர் தொடங்கும் முன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேருமா என்று விசாரிக்கச் சொல்லியிருப்பேன், ஏனென்றால் வகுப்பு முடிவதற்கும் செமஸ்டர் தொடங்குவதற்கும் நடுவில் சில நாள்தான் இருக்கும். அவளுடைய அறைத் தோழி இறுதி ஆண்டு. மே மாதம் பட்டம் வாங்க அதே 2306 மட்டும் இடிக்கிறது, வசந்தத்தில் அவளுக்கு ஆய்வகத் திட்டம் வேறு. அவள் டிசம்பரில் எடுப்பதுதான் சரி, யோசிக்கவே வேண்டாம். ஊருக்கும் அவள் போகவில்லை. மூன்று வாரம் கதவைச் சாத்திக்கொண்டு முடித்துவிடுவாள். ஒரே பாடம், ஒரே கல்லூரி, ஒரே மூன்று வாரம். ஒருத்திக்குப் பொன், இன்னொருத்திக்குச் சுமை.

இவளுக்கு இன்னும் ஐந்து செமஸ்டர் இருக்கிறது. கோடையில் இன்டர்ன்ஷிப் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறாள், அதனால் வாரத்துக்கு 29 மணி கேட்கும் ஐந்து வாரக் கோடை வகுப்பு ஒத்துவராது. பத்து வார வகுப்பாக இருந்தால் மாலையிலும் வார இறுதியிலுமாக முடிக்கலாம். அதைவிட எனக்குப் பிடித்தது அவள் கேட்காத நான்காவது வழி: வசந்த செமஸ்டரின் ஐந்து பாடங்களில் அவசரமில்லாத ஒன்றை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டு, மார்ச் நடுவில் தொடங்கும் எட்டு வார வகுப்பாக 2306-ஐ ஆன்லைனில் எடுப்பது. வாரத்துக்கு 18 மணி. கனம்தான், ஆனால் தரவுக் கட்டமைப்பின் முதல் பாதி அதற்குள் பிடிபட்டிருக்கும்.

அவளுடைய அப்பாவுக்கு இது முழுத் திருப்தி இல்லை. சீக்கிரம் முடித்தால் ஒரு செமஸ்டர் முன்னதாகப் பட்டம் வாங்கலாமே என்றார். கணினி அறிவியலின் பாட வரிசையைத் திறந்து காட்டினேன். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று போகும் அந்தச் சங்கிலி நான்கு ஆண்டுக்குக் குறைவாக முடியாதபடி இருக்கிறது, நடுவில் 2306 எங்கே வந்தாலும் சங்கிலி நீளம் மாறாது. மனிதர் பொறியாளர், படத்தைப் பார்த்ததும் ஒப்புக்கொண்டார்.

நவம்பரில் பதிவு திறந்ததும் அவள் மார்ச் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டாள். அறைத் தோழி டிசம்பர் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். பாடப் புத்தகத்தை இருவரும் பகிர்ந்துகொள்வதாக ஏற்பாடு: மூன்று வாரம் அவள் கோடிட்டுப் படித்துவிட்டு இவளிடம் தருவாள், கூலியாக இவள் கும்பகோணத்திலிருந்து ஒரு கிலோ டிகிரி காபிப் பொடி கொண்டுவர வேண்டும்.